ஆரமைன் ஸ்லைடு மங்கலா வருது, யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

குடியாத்தம் லேப்

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு சுகாதார மையத்துல லேப் டெக்னீஷியனா இருக்கேன். டிபி சளி பரிசோதனைக்கு எங்ககிட்ட எல்ஈடி ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பும் ஆரமைன் ஓ சாயமும்தான். புதுசா வந்த சாய பாட்டிலைத் திறந்ததிலேர்ந்து பாசிட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடே, அதாவது கிருமி இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச ஸ்லைடே, சரியா வரமாட்டேங்குது. கறுப்புப் பின்னணியில டிபி கிருமி பளிச்சுனு மஞ்சளா, குச்சி குச்சியா நிக்கணும் இல்லையா? இப்போ அழுக்குப் பச்சையா, இருக்கோ இல்லையோன்னு கண்ணைக் கசக்கிப் பார்க்க வேண்டியிருக்கு.

பழைய பாட்டில் அடியில கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுல போட்டா நல்லா வருது. அதனால மைக்ராஸ்கோப் மேல தப்பு இல்லைன்னு நினைக்கிறேன். நிறம் நீக்குற ஆசிட் ஆல்கஹால், பர்மாங்கனேட் ரெண்டும் பழையதுக்கும் புதுசுக்கும் ஒண்ணுதான்.

சாயம் எங்க தயாராச்சு, யார் அனுப்பினாங்கங்கிற கதை இங்க வேண்டாம். காரணம் தெரிஞ்சா போதும். கன்ட்ரோல் இப்படி இருக்கும்போது நோயாளி ஸ்லைடுக்கு நெகட்டிவ்னு எழுத கை வரல.

ஆற்காடு மக்கன்பேடா

கன்ட்ரோல் வராம ரிசல்ட் எழுத மாட்டேன்னு சொல்ற ஆளும் நம்மூர்ல கீறாங்க, அதுவே பெரிய விஷயம். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. சொம்மா ஓரமா குந்தி படிக்கிறேன்.

பாலாற்றங்கரை

மேடம், நிறுத்தி வெச்சது சரி. கன்ட்ரோல் விழுந்துச்சுன்னா அன்னிக்குப் போட்ட மொத்த ஸ்லைடும் செல்லாது. மறுபடி சாயம் போட்டுத்தான் பார்க்கணும். நான் இதே வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். எங்க காலத்துல மெர்க்குரி விளக்கு. 200 மணி நேரம் எரிஞ்சா பல்பு போச்சு, அதுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு மணிக்கணக்கு எழுதணும். ஜன்னல்ல கறுப்புத் துணி தொங்கும். மே மாசம் வேலூர் வெயில்ல, ஃபேன் போட்டா துணி பறக்கும்னு ஃபேனை அணைச்சுட்டு உட்கார்ந்து பார்த்திருக்கோம். 2011-ல உலக சுகாதார நிறுவனம் எல்ஈடிக்கு மாறச் சொன்ன பிறகுதான் இந்தத் தொல்லை விட்டது. நீங்க கொடுத்து வெச்சவங்க.

மங்கலுக்கு வருவோம். பொதுவா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பர்மாங்கனேட். 0.5 சதவீதம், 1 நிமிஷம். அது பின்னணியைக் கறுப்பாக்கத்தான் இருக்கு. சளியில இருக்கிற மத்த குப்பையோட ஒளியை அமுக்கிடும். ஃபோன் வந்துச்சுன்னு கூடுதலா விட்டுட்டோம்னா கிருமியோட ஒளியையும் சேர்த்து அமுக்கிடும். அடுத்தது ஸ்மியர், அதாவது ஸ்லைடுல தடவின சளி, அதோட தடிமன். காய்ஞ்ச ஸ்மியருக்குப் பின்னாடி தினத்தந்தியைப் பிடிச்சா எழுத்து படிக்க வரணும். வரலைன்னா தடிமன் அதிகம், சாயம் அடியில இருக்கிறதை எட்டாது, கழுவும்போது பிய்ஞ்சுகிட்டும் போகும். மூணாவது பைப் தண்ணி. குளோரின் தூக்கலா இருக்கிற அன்னிக்கு ஒளி அடி வாங்கும். அதோட சில குழாய்த் தண்ணியில டிபி இனத்தைச் சேர்ந்த, நோய் தராத கிருமிங்க வாழும். அது ஸ்லைடுல வந்து உட்கார்ந்துகிட்டா இல்லாத பாசிட்டிவ் வரும். காய்ச்சி வடிச்ச தண்ணிதான் நல்லது.

ஆனா நீங்க சொல்றபடி இது மூணும் ரெண்டு பாட்டிலுக்கும் பொது. அப்போ சாயத்துலதான் கோளாறு. மூணு விஷயம் சொல்லுங்க. பாட்டில் என்ன நிறம்? தயாரிச்ச தேதி ஒட்டியிருக்கா? அடியில கசடு ஏதாவது தங்கியிருக்கா?

குடியாத்தம் லேப்

சார், ரொம்ப நன்றி. பர்மாங்கனேட்டுக்கு டைமர் வெச்சுத்தான் பண்றேன். தண்ணி வடிச்ச தண்ணிதான். பாட்டில் வெள்ளை பிளாஸ்டிக், பாதி ஒளி உள்ளே போற மாதிரி. தேதி இருக்கு, 3 மாசத்துக்குள்ளதான். கசடு இல்லை. ஆனா பழைய பாட்டிலோட வெச்சுப் பார்த்தா நிறமே கொஞ்சம் வெளுத்தாப்பல இருக்கு.

காட்பாடி ரயிலடி

அக்கா, நான் வேதியியல்ல ஆராய்ச்சி மாணவன். சளிப் பரிசோதனை எனக்குத் தெரியாது, இந்த மூலக்கூறை மட்டும் கொஞ்சம் தெரியும். நிறம் வெளுத்திருக்குன்னு சொன்னதும் ஒரு சந்தேகம் வந்தது. சாயத்தைச் சூடான தண்ணியில கரைச்சாங்களா?

ஏன் கேட்கிறேன்னா, ஆரமைனுக்குச் சூடு ஆகாது. 60 டிகிரிக்கு மேல தண்ணியில சூடாக்கினா நீராற்பகுப்பு ஆகி அமோனியாவை விட்டுட்டு மிக்லர் கீட்டோனா மாறிடும். சாயம் எந்தப் பொருளோட வழியில பிறந்துச்சோ அதுக்கே திரும்பிப் போயிடும்னு வெச்சுக்கலாம். மிக்லர் கீட்டோனுக்கு இந்த மஞ்சளும் கிடையாது, ப்ளூ லைட்ல இந்த ஒளியும் கிடையாது.

இன்னொரு விஷயம், இந்தச் சாயம் தனியாத் தண்ணியில இருக்கும்போது கிட்டத்தட்ட ஒளிர்றதே இல்லை. நிறைய பேருக்கு இது தெரியாது. ஃப்ளோரசீன் மாதிரி நினைச்சுக்கிறாங்க. ஃப்ளோரசீன் ஒரு சிட்டிகை வாளித் தண்ணியில போட்டாலே பச்சையா மினுங்கும். ஆரமைன் அப்படி இல்லை. அதுல ரெண்டு பென்சீன் வளையம், நடுவுல ஒரு கார்பன். ஒளியை வாங்கின உடனே அந்த வளையங்கள் முறுக்கிக்கும். வாங்கின ஆற்றல் அந்த முறுக்கத்துலயே வெப்பமாப் போயிடும், வெளிச்சமா வெளியே வராது. எல்லாம் பிகோ செகண்ட் கணக்குல முடிஞ்சிடும். வளையம் திரும்ப முடியாத இடத்துல சாயம் போய் மாட்டிக்கிட்டா அந்த வழி அடைபட்டுடும், ஆற்றல் வேற வழியில்லாம ஒளியா வரும். நெரிசலான பஸ்ல கை காலை அசைக்க முடியாம நிக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க.

டிபி கிருமியோட சுவர்ல மைக்கோலிக் அமிலம், மெழுகு மாதிரி நீளமான கொழுப்புச் சங்கிலி, நெருக்கமா அடுக்கியிருக்கும். அந்த மாதிரி இறுக்கமான இடத்துல போய்ச் சிக்கின சாயம்தான் மின்னுது. அதனால ஸ்லைடுல மிச்சம் மீதி சாயம் தண்ணியில கரைஞ்சு கிடந்தாலும் அது அவ்வளவு தொந்தரவு பண்ணாது. சாயத்தைத் தேர்ந்தெடுத்தவங்க இதை நினைச்சா தேர்ந்தெடுத்தாங்க? 1883-ல கெர்னும் காரோவும் துணிக்கும் காகிதத்துக்கும் மஞ்சள் வேணும்னு தயாரிச்சது இது. ஹாகெமன் டிபி கிருமிக்குப் போட்டுப் பார்த்தது 1930-களோட கடைசியிலதான்.

வீட்லயே பார்க்கலாம், லேப்ல இன்னும் சுலபம். நல்ல ஆரமைன் கரைசல் ஒரு சொட்டு தண்ணியில, ஒரு சொட்டு மருந்துக்கடை கிளிசரின்ல. ரெண்டையும் ப்ளூ எல்ஈடி டார்ச் வெளிச்சத்துல பாருங்க. தண்ணி சும்மா மஞ்சளா இருக்கும். கிளிசரின் பச்சை கலந்த மஞ்சளா எழும்பும், ஏன்னா கிளிசரின் கெட்டியானது, வளையம் லேசுல திரும்பாது. உங்க பழைய பாட்டிலையும் புது பாட்டிலையும் இதே மாதிரி ஒரே அளவு கிளிசரின்ல விட்டுப் பாருங்களேன்.

பேரணாம்பட்டு ஷெட்

தம்பி சொன்னதை நான் அடிச்சு சொல்றேன். நான் தோல் ஷெட்டுல சாய மாஸ்டர். கெமிஸ்ட்ரி படிச்சதில்லை, கையில படிச்சதுதான். எங்கப்பா காலத்துல ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தின தோலுக்கு பேசிக் சாயம்னு ஒரு வகை போடுவாங்க, ஆரமைனும் அந்த வகைதான். பட்டைத் தோல்ல டானின் இருக்கும், பேசிக் சாயம் அதைப் பார்த்ததும் அப்பிடியே பிடிச்சுக்கும். குரோம் உப்புல பதப்படுத்தின தோல்ல அது நேரா ஒட்டாது. பேசிக் சாயத்தைக் கரைக்கிறப்போ முதல்ல அசிட்டிக் ஆசிட்ல குழைச்சுக்கிட்டு, அப்புறம் சுடுதண்ணி ஊத்துவோம். ஆனா ஆரமைன்னு டப்பாவில எழுதியிருந்தா மட்டும் சுடுதண்ணி கூடாது, கை பொறுக்கிற சூடு போதும்னு அப்பா கத்துவாரு. மீறினா மஞ்சள் செத்துடும். காரணம் அவருக்கும் தெரியாது, எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

வெயில்லயும் நிக்காது. மஞ்சள் போட்ட தோலைக் காயப் போட்டு மறந்துட்டா மேல் பக்கம் வெளுத்து, மடிப்புக்குள்ள மட்டும் பழைய நிறம் இருக்கும். அதனாலதான் இப்போ யாரும் அதிகமா தொடுறதில்லை, ஆசிட் சாயமும் மெட்டல் காம்ப்ளக்ஸும்தான்.

மேடம் பாட்டில் வெள்ளை பிளாஸ்டிக்னு சொன்னாங்க. ஜன்னல் பக்கம் இருந்துச்சான்னு கேளுங்க.

குடியாத்தம் லேப்

ஷெட் அண்ணா, ஜன்னல் பக்கம்தான் இருந்துச்சு! கண்ணாடி அலமாரி, சாயந்திரம் நேரா வெயில் விழும். பழைய பாட்டில் பழுப்புக் கண்ணாடி.

பாலாற்றங்கரை

இதுதான் நம்ம ஊர். பெரிய பெரிய மைக்ராஸ்கோப் வாங்குவோம், சாயத்துக்குப் பழுப்பு பாட்டில் வாங்க மாட்டோம்.

சாயம் கலக்கிற முறையை இங்க எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். 1 கிராம் ஆரமைனை 100 மி.லி. ஆல்கஹால்ல கரைக்கணும். ஆல்கஹால், தண்ணி இல்லை. தனியா 30 கிராம் பீனாலை 900 மி.லி. வடிச்ச தண்ணியில கரைக்கணும். ரெண்டையும் கலந்தா 0.1 சதவீத ஆரமைன். வடிகட்டி, பழுப்பு பாட்டில்ல ஊத்தி, தேதி போட்டு, இருட்டு அலமாரியில வைக்கணும். இங்கதான் மாட்டிக்கிறாங்க: பீனால் கட்டியா இருக்கும், 41 டிகிரியிலதான் உருகும். அதனால டப்பாவையே சுடுதண்ணியில வெச்சு உருக்குவாங்க. அந்தச் சூடு பீனாலுக்குத் தேவை. ஆல்கஹால் தட்டுப்பாடுன்னு எவனாவது சாயப் பொடியை நேரா அந்தச் சூட்டு பீனால் தண்ணியில கொட்டியிருந்தா கதை முடிஞ்சுது.

இன்னொண்ணு. பழைய ஆட்கள் சீல்-நீல்சன்னு டிபி கிருமிக்கான பழைய சாய முறையில பழகினவங்க. அதுல கார்பால் ஃபுக்சின்ங்கிற சிவப்புச் சாயத்தை ஊத்தி, அடியில நெருப்பு காட்டி, ஆவி வர்ற வரைக்கும் சூடாக்குவோம். அந்தக் கை இதுலயும் தானா நெருப்புக்குப் போகும். ஆரமைனுக்கு நெருப்பே கூடாது, 20 நிமிஷம் சும்மா ஊற விட்டா போதும். சாயப் பொடி டப்பாவையும் பாருங்க, சாய அளவு 80, 85 சதவீதம்னு போட்டிருக்கும். 1 கிராம்னு கண்ணை மூடிக்கிட்டு எடைபோட்டா உண்மையில 0.8 கிராம்தான் உள்ள போகுது. அந்தக் குறையைச் சேர்த்து எடைபோடணும்.

கிளிசரின் சோதனை நல்ல விளையாட்டு, மறுக்கல. ஆனா அதை வெச்சு பாட்டிலை பாஸ் பண்ணிடாதீங்க. சாயம் நல்லா இருந்து ஆசிட் கெட்டுப்போயிருந்தா கிளிசரினுக்குத் தெரியாது. கன்ட்ரோல் ஸ்லைடு ஒண்ணு பாசிட்டிவ், ஒண்ணு நெகட்டிவ், ரெண்டும் சரியா வந்தாத்தான் பாட்டில் பாஸ்.

காட்பாடி ரயிலடி

சார் சொல்றது சரிதான். நான் சாயப் பொடியைப் பத்தி மட்டும்தான் சொன்னேன்.

வாணியம்பாடி வாசகர்

நடுவுல ஒரு கேள்வி, மன்னிக்கணும். எனக்கு டிபி வந்து மருந்து சாப்பிட்டுகிட்டு இருக்கேன். முதல்ல சளியை ட்ரூநாட் மெஷின்ல போட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க, அன்னிக்கே சொல்லிட்டாங்க. 2 மாசம் முடிஞ்சதும் மறுபடி சளி கேட்டாங்க, இந்த முறை மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. நல்ல மெஷின் இருக்கும்போது எதுக்குப் பழைய முறைன்னு கேட்டேன், இதுக்கு இதுதான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உண்மையா, இல்ல மெஷின் ரிப்பேரா?

குடியாத்தம் லேப்

அண்ணா, மெஷின் ரிப்பேர் இல்லை. ட்ரூநாட், சிபிநாட் ரெண்டும் கிருமியோட டிஎன்ஏவைத் தேடுது. மருந்துல செத்துப்போன கிருமியோட டிஎன்ஏவும் சளியில ரொம்ப நாளைக்கு வரும். அப்போ மெஷின் பாசிட்டிவ்னு காட்டும், நீங்களும் மருந்து வேலை செய்யலைன்னு பயந்துடுவீங்க. மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க ஸ்மியர்தான், சந்தேகம்னா கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிறது. கண்டுபிடிக்கிறதுல மெஷின்தான் கெட்டி. ஸ்மியர்ல தெரியணும்னா 1 மி.லி. சளியில 5,000-லேர்ந்து 10,000 கிருமி இருக்கணும். சிபிநாட்டுக்கு 130 போல இருந்தாலே போதும். 6 மாசமும் முடிங்கண்ணா, பாதியில விட்டுடாதீங்க.

காட்பாடி ரயிலடி

ஒரு சின்னச் சேர்ப்பு அக்கா. ஆரமைனும் செத்தது உயிரோட இருக்கிறதுன்னு பிரிச்சுப் பார்க்காதே? சுவர் இருந்தா ஒட்டிக்குமே?

குடியாத்தம் லேப்

ஆமா தம்பி, சரியாப் பிடிச்சே. செத்த கிருமியும் மின்னும். எண்ணிக்கை குறைஞ்சுகிட்டே வருதான்னு பார்க்கலாம், அவ்வளவுதான். அதனாலதான் 2 மாசத்துல பாசிட்டிவ் வந்தா உடனே முடிவு கட்டாம கல்ச்சருக்கும் மருந்து எதிர்ப்பு சோதனைக்கும் அனுப்புறோம்.

காட்பாடி ரயிலடி

இதுக்கு ஃப்ளோரசீன் டைஅசிட்டேட்னு ஒண்ணு இருக்கு. அது தானா ஒளிராது. உயிருள்ள செல்லுக்குள்ள போனா அங்க இருக்கிற எஸ்ட்ரேஸ் என்சைம் அதை வெட்டி ஃப்ளோரசீனா மாத்தும், அப்போதான் பச்சை வரும். செத்த செல்லுல என்சைம் வேலை செய்யாது, இருட்டாவே இருக்கும். டிபி கிருமிக்கும் இதை முயற்சி பண்ணின ஆய்வுகள் இருக்கு. ஃப்ளோரசீனை 1871-ல அடால்ஃப் ஃபான் பேயர் தயாரிச்சாரு, தாலிக் அன்ஹைட்ரைடும் ரிசார்சினாலும் போட்டு. காலேஜ் லேப்லயே செஞ்சு பார்க்கிற சோதனைதான் அது. கண் ஆஸ்பத்திரியில கருவிழிக் கீறலைப் பார்க்க ஒரு ஆரஞ்சுக் காகிதப் பட்டையை இமைக்குள்ள தொடுவாங்களே, நீல வெளிச்சத்துல கீறல் பச்சையா தெரியுமே, அதுவும் இதே சாயம்தான்.

ஆரமைனுக்கும் டிபியைத் தவிர வேற வேலை உண்டு. வயித்துப்போக்கு நோயாளி மலத்துல கிரிப்டோஸ்போரிடியம்ங்கிற ஒட்டுண்ணியைத் தேட ஆரமைன்-பீனால் போடுவாங்க. எங்க பக்கத்து லேப்ல ஒரு தாவரவியல் அக்கா இலையோட மேல்தோல்ல இருக்கிற கியூட்டினையும் மகரந்தத்தோட வெளிச்சுவரையும் ஆரமைன்ல பார்க்கிறாங்க. எல்லாமே கொழுப்பும் மெழுகும் கலந்த சுவர்தான், கவனிச்சீங்களா? புரதம் தப்பா மடிஞ்சு நாராத் திரளும்போதும் இது அதுல மாட்டிக்கிட்டு ஒளிரும், நான் பார்க்கிறது அதைத்தான்.

பாலாற்றங்கரை

சுவர்னு சொன்னதும் கரிகிரி ஞாபகம் வருது. 1955-ல தொழுநோய்க்குன்னே தொடங்கின இடம், காட்பாடிக்குப் பக்கம்தான். தொழுநோய்க் கிருமியும் இதே குடும்பம், ஆனா சாயத்தைப் பிடிச்சு வைக்கிறதுல டிபி கிருமி அளவுக்கு அழுத்தம் கிடையாது. ஆசிட் கொஞ்சம் கூடினா விட்டுடும். அதனால தொழுநோய் ஸ்மியருக்கு நிறம் நீக்குறதுல மென்மையாப் போகணும். டிபி லேப்ல பழகின கையை அங்க அப்படியே போட்டா பாசிட்டிவ் எல்லாம் காணாமப் போகும்.

வாணியம்பாடி தம்பிக்கு ஒரு வார்த்தை. எங்க தாத்தா தலைமுறையில டிபின்னா மதனப்பள்ளி ஆரோக்கியவரத்துக்குத்தான் வண்டி ஏறணும். 1915-ல திறந்த சானடோரியம். நல்ல காத்து, பாலு, முட்டை, படுக்கை. மருந்துன்னு ஒண்ணும் கிடையாது அப்போ. இன்னிக்கு மருந்தை வீட்டுக்கே குடுத்து அனுப்புறாங்க. சாப்பிட்டு முடிங்க.

வாணியம்பாடி வாசகர்

நன்றி ஐயா, நன்றி மேடம். முடிச்சுடறேன்.

ஆற்காடு மக்கன்பேடா

இவ்ளோ நேரம் வாய மூடினு இருந்தேன், ஒரு டவுட்டு. மஞ்சக் கலர் லட்டு, மஞ்சக் கலர் பருப்பு, இதுலலாம் இந்த ஆரமைன போடறாங்கன்னு எங்கியோ படிச்சேன். நெஜமா? நான் பேர்லயே ஸ்வீட் வெச்சினு கீறவன், எனக்கு தெரிஞ்சே ஆவணும்.

காட்பாடி ரயிலடி

அண்ணா, போடக்கூடாது, ஆனா சோதனையில பிடிபட்டிருக்கு. நம்ம நாட்டுல உணவுக்கு அனுமதிச்ச செயற்கை மஞ்சள் டார்ட்ரசைனும் சன்செட் யெல்லோவும்தான், அதுக்கும் அளவு உண்டு. ஆரமைன் பட்டியல்லயே இல்லை. மெட்டானில் யெல்லோவும் இல்லை. 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டாங்களே, அதுல பிடிபட்டது ரோடமைன் பி. வேடிக்கை என்னன்னா ட்ரூவன்ட் 1962-ல சொன்ன டிபி சாயத்துல ஆரமைனும் ரோடமைன் பியும் ஜோடியா இருக்கு. அதுல கிருமி மஞ்சளுக்குப் பதிலா ஆரஞ்சு கலந்த தங்க நிறமாத் தெரியும். லேப்ல ஜோடி போட்டு வேலை செய்யற ரெண்டும் பலகாரத் தட்டுல வந்தா போலீஸ் கேஸ்.

மக்கன்பேடாவைப் பொறுத்தவரைக்கும் உங்களுக்குப் பயமில்லை, அது பழுப்பு.

ஆற்காடு மக்கன்பேடா

அப்பாடா. ஒரு கிலோ பார்சல் அனுப்பறேன் தம்பி, அட்ரஸ் போடாத, நேர்ல வா.

பேரணாம்பட்டு ஷெட்

தம்பி, இது கேன்சர் குடுக்கும்னு சொல்றாங்களே, உண்மையா? நாங்க அந்தக் காலத்துல வெறுங்கையால அள்ளியிருக்கோம். எங்கப்பா உள்ளங்கை ரேகையெல்லாம் மஞ்சளா இருக்கும், சோப்பு போட்டாலும் போகாது.

காட்பாடி ரயிலடி

அண்ணா, உள்ளதைச் சொல்றேன். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை ஆரமைன் தயாரிக்கிற தொழிலை முதல் பிரிவுல வெச்சிருக்கு, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. சாயத்தை மட்டும் தனியா எடுத்தா 2பி, உண்டாக்கக்கூடும்ங்கிற பிரிவு. 1954-லயே பிரிட்டன்ல ஆரமைன் தயாரிக்கிற தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பை கேன்சர் அதிகம்னு கேஸும் பியர்சனும் எழுதினாங்க. அது சாயத்தைச் செய்யற இடம், உங்க வேலை வேற. இருந்தாலும் அப்பாவுக்குச் சிறுநீர்ல ரத்தம், எரிச்சல்னு ஏதாவது இருந்தா சாய வேலை செஞ்சதை டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லுங்க. அவங்களா கேட்க மாட்டாங்க.

லேப்ல இருக்கிறவங்களுக்கும் இதேதான். பொடியை எடைபோடும்போது ஃபேனை நிறுத்திட்டு, மாஸ்க்கும் கிளவுஸும் போட்டுக்கணும். கரைசலாயிட்ட பிறகு பொடி பறக்கிற பயம் இல்லை. பீனால்தான் அப்போ தோலைச் சுடும்.

பேரணாம்பட்டு ஷெட்

சரி தம்பி. அப்பா நல்லாத்தான் இருக்காரு. கேட்டு வெக்கிறேன்.

குடியாத்தம் லேப்

எல்லாரும் கேட்டதுக்காக இப்போ நிலவரம். சாயம் கலந்த இடத்துல ஃபோன் பண்ணி மெதுவா விசாரிச்சேன். பாலாற்றங்கரை சார் சொன்னதேதான். அந்த முறை ஆல்கஹால் வரத் தாமதமாச்சாம், பீனால் உருக்கின சூட்டுத் தண்ணியிலயே பொடியைக் கரைச்சுட்டாங்களாம். எவ்வளவு சூடுன்னு கேட்டா, கொதிச்சு இறக்கினதுன்னு பதில். அந்த பேட்ச் முழுக்கத் திரும்ப வாங்கிக்கிறாங்க. பக்கத்து மையங்களுக்கும் நானே சொல்லிட்டேன்.

தம்பியோட கிளிசரின் சோதனையும் பண்ணேன். ரெண்டு வாட்ச் கிளாஸ், ஒரே அளவு கிளிசரின், பழசு ஒரு சொட்டு, புதுசு ஒரு சொட்டு, டார்ச்சுக்கு மைக்ராஸ்கோப்போட நீல எல்ஈடியையே பயன்படுத்திக்கிட்டேன். சொட்டு விழுந்து கலக்கறதுக்கு முன்னாடி நூல் மாதிரி கீழே இறங்குது பாருங்க, பழைய சாயத்துல அந்த நூலே பச்சையா எரிஞ்சுகிட்டு இறங்குச்சு. புதுசுல நூல் மட்டும் தெரிஞ்சது, வெளிச்சம் பேருக்குத்தான். எங்க டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவங்க வீடியோ எடுத்து வெச்சுக்கிட்டாங்க.

அப்புறம் 100 மி.லி. அளவுல நானே கலந்தேன். 0.1 கிராமை எங்க தராசுல நம்பி எடைபோட முடியாது, அதனால பக்கத்துக் கல்லூரியில கேட்டு அங்க எடைபோட்டு வாங்கிக்கிட்டேன். சாய அளவு 85 சதவீதம்னு இருந்துச்சு, அதுக்கேத்த மாதிரி கூட்டி எடுத்தேன். 10 மி.லி. ஆல்கஹால், 90 மி.லி. பீனால் தண்ணி ஆறினதுக்கு அப்புறம்தான் கலந்தேன். கன்ட்ரோல் ரெண்டும் அருமையா வந்துச்சு. நிறுத்தி வெச்சிருந்த நோயாளி ஸ்லைடுகளையும் மறுபடி சாயம் போட்டுப் பார்த்தேன். மங்கல் சாயத்துல ஒண்ணுமே தெரியாத ஒரு ஸ்லைடுல 40 எக்ஸ்ல மூணு நாலு ஃபீல்டுக்கு ஒரு குச்சி இருந்துச்சு. மெலிசா, லேசா வளைஞ்சு. படிகமோ நாரோ இல்லை, அது முனை முறிஞ்ச மாதிரி இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, ஆளைக் கூப்பிட்டு அனுப்பிட்டாங்க.

பாலாற்றங்கரை

அந்த ஒரு ஸ்லைடுக்காகத்தான் மேடம் கன்ட்ரோல் போடறது. அந்த ஸ்லைடை இருட்டுப் பெட்டியில வையுங்க. ஆரமைன் வெளிச்சத்துல மங்கிடும், 24 மணி நேரத்துக்குள்ள பார்த்துடணும். மேல இருந்து சரிபார்க்க வந்தா மங்கின ஸ்லைடைக் காட்டி அவங்ககிட்ட மல்லுக்கட்டாதீங்க, மறுபடி சாயம் போடச் சொல்லுங்க. இல்லைன்னா அதே ஸ்மியர்ல சீல்-நீல்சன் போட்டும் உறுதி பண்ணிக்கலாம், குச்சி சிவப்பாத் தெரியும்.

குடியாத்தம் லேப்

சரிங்க சார், பெட்டியில போட்டுட்டேன். ஒரு கடைசிக் கேள்வி. திரும்ப வாங்கிக்கிறேன்னு சொன்ன பேட்ச்ல நான் திறந்த பாட்டிலை மட்டும் வாங்க மாட்டாங்களாம். முக்கால் பாட்டில் இருக்கு. சிங்க்ல ஊத்தலாமா?

பேரணாம்பட்டு ஷெட்

ஊத்தாதீங்க மேடம். சாயத் தண்ணியை வாய்க்கால்ல விட்டு விட்டுத்தான் பாலாறு இன்னிக்கு இந்தக் கதியில இருக்கு. அதைப் பத்தி எங்க ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

காட்பாடி ரயிலடி

சிங்க் வேண்டாம் அக்கா. அதுல 3 சதவீதம் பீனாலும் இருக்கு. மூடி இறுக்கி, மேல "ஆரமைன், பீனால், பயன்படாதது"ன்னு எழுதி ஒட்டி, உங்க மையத்துல மருத்துவக் கழிவு எடுக்க வர்றவங்ககிட்ட ரசாயனக் கழிவுன்னு தனியாச் சொல்லிக் குடுங்க. மஞ்சள் வகைக் கழிவுல வரும், ஆனா பையில போடாம தனி டப்பாவாத்தான் குடுக்கணும். அதுல ஒரு 10 மி.லி. மட்டும் எனக்கு எடுத்து வைக்க முடியுமா? மிக்லர் கீட்டோன் எவ்வளவு வந்திருக்குன்னு ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்க்கணும்.

குடியாத்தம் லேப்

எடுத்து வைக்கிறேன் தம்பி. பழுப்பு பாட்டில் நீ கொண்டு வா.